ஓடும்போதே ஏற்றுவது

லினக்ஸ் ஓடும் மடிக்கணினியில் ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகிவிட்டு 'டிமெசெஜ்' என்று தட்டினால், திரையின் அடியில் ஏழெட்டு வரிகள் புதிதாக வந்திருக்கும். புதிய யூஎஸ்பி கருவி கிடைத்தது. தயாரிப்பாளர் எண் 0403, பொருள் எண் 6001. எஃப்டிடிஐ_எஸ்ஐஓ என்ற டிரைவர் பதிவானது. கருவி டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரில் இணைந்தது. ரௌட்டரின் கன்சோலைத் திறக்கவும், மின்னணுத் தராசிலிருந்து எடையை வாங்கவும் இந்தக் கேபிளை வைத்திருப்பவர்கள் அந்த வரிகளைப் படிப்பதில்லை. வேலை நடந்தால் போதும்.

படித்தால் ஒன்று உறுத்த வேண்டும். கேபிளைச் செருகுவதற்கு ஒரு நொடி முன்பு வரை அந்த டிரைவர் கெர்னலில் இல்லை. வட்டில் ஒரு கோப்பாகக் கிடந்தது. இப்போது அது கெர்னலின் அங்கம். கணினியை அணைத்துப் போடவில்லை, பின்னணியில் ஓடிய பாட்டுகூட நிற்கவில்லை. உலகின் சர்வர்களையும் கைபேசிகளையும் நடத்தும் ஒரு நிரலின் மையத்தில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய குறியீடு சேர்க்கப்பட்டிருக்கிறது. இப்படிச் சேர்க்கப்படும் துண்டுக்குத்தான் கெர்னல் மாட்யூல் என்று பெயர்.

இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது புரிய, செயலியின் இரண்டு நிலைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பிரவுசர், விளையாட்டு, கணக்கு எழுதும் நிரல் எல்லாம் பயனர் நிலையில் ஓடுகின்றன. அங்கே ஒரு நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால் செயலி அதை அந்தக் கணமே பிடித்துக் கெர்னலிடம் ஒப்படைக்கும். அந்த நிரல் மட்டும் சாகும், மற்றவை தொடரும். கெர்னல் ஓடுவது சலுகை நிலையில். எந்த நினைவகத்தையும் எழுதலாம், எந்தச் சில்லையும் நேரடியாகத் தொடலாம், எந்த நிரலையும் நிறுத்தலாம். கெர்னலே தப்பு செய்தால் அதைப் பிடித்துக்கொடுக்க மேலே ஆள் கிடையாது. கணினி நிற்கும், சில சமயம் அதைவிட மோசமாக, நிற்காமல் தரவைக் கெடுத்துக்கொண்டே ஓடும்.

ஆரம்ப கால யூனிக்ஸில் புதிய கருவி வாங்கினால் கெர்னலைத் திரும்பக் கட்ட வேண்டும். எல்லா டிரைவர்களின் முகவரிகளும் இரண்டு அட்டவணைகளில் இருந்தன. வட்டு மாதிரித் தொகுதி தொகுதியாகப் படிக்கும் கருவிகளுக்கு ஒன்று, டெர்மினல் மாதிரி எழுத்தெழுத்தாக வரும் கருவிகளுக்கு ஒன்று. கருவியின் முதன்மை எண்தான் அட்டவணையில் அதன் வரிசை எண். ஒரு கோப்பில் அந்த அட்டவணையைத் திருத்தி, கெர்னலைத் தொகுத்து, கணினியை மறுபடி கிளப்ப வேண்டும். பத்துப் பதினைந்து பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட நாளில் இதை எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் செய்ய முடியும். அட்டவணையும் வரிசை எண்ணும் இன்றும் போகவில்லை: எழுதியதை எல்லாம் விழுங்கும் 'நல்' கருவிக்கு லினக்ஸில் முதன்மை எண் 1, துணை எண் 3. சாதாரணர் வீட்டில் இந்தச் சிக்கலை முதலில் தளர்த்தியது எம்எஸ்-டாஸ் எனலாம். 1983-ல் வந்த அதன் 2.0 பதிப்பில், கான்ஃபிக்.சிஸ் கோப்பில் 'டிவைஸ்' என்று ஒரு வரி எழுதினால், கிளம்பும்போது அந்த டிரைவர் ஏறிவிடும். ஆனால் டாஸில் சலுகை நிலை, பயனர் நிலை என்ற பிரிவே கிடையாது. பூட்டே இல்லாத வீட்டில் சாவியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கணினிக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ், பழைய யூனிக்ஸ் பாணியில் எல்லாம் ஒரே உடம்பாக அமைந்த கெர்னல். 1992 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் இதைப் பொதுவில் தாக்கினார். டிரைவர்களும் கோப்பு முறையும் கெர்னலுக்கு வெளியே தனித்தனிப் பயனர் நிரல்களாக இருக்க வேண்டும், ஒன்று விழுந்தால் மற்றது பிழைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மைக்ரோகெர்னல் காலத்தில் இப்படி ஒன்றை எழுதுவது பின்னோக்கிப் போவது என்றார். டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை, வேகமும் எளிமையும் முக்கியம் என்றார். மூன்று ஆண்டு கழித்து, 1995 மார்ச்சில் வந்த லினக்ஸ் 1.2-ல் மாட்யூல்கள் இருந்தன. இதை இருவருக்கும் நடுவிலான சமரசம் என்று சிலர் எழுதுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டானன்பாம் கேட்டது பிரித்து வைப்பது. மாட்யூல் தந்தது பிரித்துச் சேமிப்பது மட்டும். வட்டில்தான் அது தனிக் கோப்பு. ஏறிய பிறகு மற்றக் கெர்னல் குறியீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவரும் இல்லை. தனிப் போர்ஷனில் வாடகைக்கு வந்தவர் அல்ல, கூட்டுக் குடும்பத்தில் பெட்டிச் சாவியோடு சேர்ந்துகொண்டவர். இதன்பின் இந்த அத்தியாயத்தில் வரும் கெடுபிடிகள் எல்லாம் இந்த ஒரு முடிவின் விளைவுகள்.

முதலில், ஏறுவது எப்படி என்று பார்ப்போம். கேபிளைச் செருகியதும் யூஎஸ்பி ஹப்பில் மின்னழுத்தம் மாறுகிறது. கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் யூஎஸ்பி மையக் குறியீடு புதிய கருவியிடம் 18 பைட் விவரக்குறிப்பைக் கேட்டு வாங்குகிறது. தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. 0403 என்பது ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட எண். இந்தக் கருவியை யார் கவனிப்பது என்று கெர்னலுக்குத் தெரியாது. அதனால் அது அந்த எண்களைச் சேர்த்து ஒரு நீண்ட சரமாகக் கட்டி, பயனர் நிலையில் காத்திருக்கும் 'யூடெவ்' என்ற நிரலுக்குச் செய்தி அனுப்புகிறது. யூடெவ் அந்தச் சரத்தை வட்டிலுள்ள ஒரு பட்டியலில் தேடுகிறது. அந்தப் பட்டியலை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த கருவிகளின் எண்களைத் தன் கோப்புக்குள்ளேயே அறிவித்திருக்கும். கெர்னலை நிறுவும்போது 'டெப்மாட்' என்ற கருவி எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்து அந்த அறிவிப்புகளைத் திரட்டி வைக்கிறது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதையும் அதே கருவிதான் கண்டுபிடிக்கிறது. எஃப்டிடிஐ டிரைவர் ஏறுவதற்கு முன் பொதுவான யூஎஸ்பிசீரியல் மாட்யூல் ஏற வேண்டும். 'மாட்புரோப்' என்ற கட்டளை அந்த ஒழுங்கில் ஏற்றும். ஒரே ஒரு கோப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றும் பழைய 'இன்ஸ்மாட்'டும் இருக்கிறது. டிரைவர் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க இன்ஸ்மாட்டும், ஏற்றியதை இறக்கும் ஆர்எம்மாட்டுமாகத்தான் இருப்பார்கள்.

கோப்பு கெர்னலின் வாசலுக்கு வந்துவிட்டது. அதன் பெயர் 'கே-ஓ' என்று முடியும். உள்ளே இயந்திரக் கட்டளைகள் தயாராக இருக்கின்றன, ஆனால் முழுமையாக இல்லை. டிரைவர் தன் செய்தியைப் பதிவு செய்யக் கெர்னலின் 'பிரிண்ட்கே' என்ற செயற்கூறை அழைக்கிறது என்று வையுங்கள். 64 பிட் இன்டெல் செயலியில் அந்த அழைப்பு 5 பைட். முதல் பைட் 'அழை' என்ற கட்டளை. மீதி நான்கும் எவ்வளவு தூரத்தில் இருப்பதை அழைப்பது என்ற எண். டிரைவரைத் தொகுக்கும்போது அந்தத் தூரம் யாருக்கும் தெரியாது. நினைவகத்தில் மாட்யூல் எங்கே உட்காரும் என்று ஏற்றும் நேரம்வரை முடிவாகாது. ஆகவே அந்த நான்கு பைட்டும் காலியாகவே வருகின்றன. கூடவே ஒரு குறிப்பு: இந்த இடத்தில் பிரிண்ட்கே-யின் தூரத்தை நிரப்பவும். எஃப்டிடிஐ டிரைவர் மாதிரி நடுத்தர அளவுள்ள ஒன்றிலேயே இப்படிப்பட்ட குறிப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். கெர்னல் இடம் ஒதுக்கி, குறியீட்டை அங்கே நகலெடுத்து, தன் பெயர் அட்டவணையில் ஒவ்வொரு பெயராகத் தேடி, கழித்தல் கணக்குப் போட்டுக் காலியிடங்களை நிரப்புகிறது. நான்கு பைட்டில் அடங்கும் தூரம் முன்னும் பின்னும் 2 ஜிகாபைட்தான் என்பதால், மாட்யூல்களுக்கென்று கெர்னலின் பக்கத்திலேயே ஒரு முகவரிப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த நிரப்பும் வேலையை இன்ஸ்மாட்டே வெளியில் செய்து, முடிந்த படிமத்தைக் கெர்னலிடம் கொடுத்தது. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் அதைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தார். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பிலிருந்து அப்படித்தான். 'ஓ' என்று முடிந்த கோப்புப் பெயர் 'கே-ஓ' ஆனதும் அப்போதுதான்.

நிரப்பி முடிந்ததும் குறியீடு இருக்கும் பக்கங்களை இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, மாட்யூலின் தொடக்கச் செயற்கூறை ஒருமுறை அழைக்கிறது கெர்னல். புதியவர்கள் இந்த இடத்தில் ஒன்றை எதிர்பார்த்து ஏமாறுவார்கள். தொடக்கச் செயற்கூறு எந்தக் கருவியையும் தொடாது. 'இன்னின்ன எண்ணுள்ள கருவிகளை நான் பார்த்துக்கொள்கிறேன், வந்தால் இந்த முகவரிக்குக் கூப்பிடு' என்று யூஎஸ்பி மையத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். டிரைவருக்கு 'மெயின்' கிடையாது. அது தானாக ஓடும் நிரல் அல்ல. கூப்பிட்டால் வரும் செயற்கூறுகளின் கட்டு. கருவி வந்தால் ஒன்று, யாராவது திறந்தால் ஒன்று, எழுதினால் ஒன்று, பிடுங்கினால் ஒன்று.

அந்தக் கூப்பாடுகளுக்குள் என்ன வேலை நடக்கிறது? தராசு நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பயனர் நிரல் '9600' என்று மட்டும் சொல்லும். எஃப்டிடிஐ சில்லுக்கு 9600 என்றால் ஒன்றும் புரியாது. அதனிடம் நொடிக்கு 30 லட்சம் துடிப்புள்ள ஒரு கடிகாரம் இருக்கிறது; அதை எதால் வகுக்க வேண்டும் என்று சொன்னால்தான் அதற்குத் தெரியும். 30 லட்சத்தை 9600-ஆல் வகுத்தால் 312.5. நல்லவேளையாக இந்தச் சில்லு பின்னத்தையும் ஏற்கும், எட்டில் ஒரு பங்கு துல்லியம் வரை. ஆனால் அந்தப் பின்னத்தைக் குறிக்கும் எண்கள் வரிசையில் இல்லை. அரைக்கு 1, காலுக்கு 2, அரைக்காலுக்கு 3, எட்டில் மூன்றுக்கு 4. சில்லு வளர்ந்த கதையில் பின்னங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்த முறை இப்படி இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். காரணம் எதுவானாலும் லினக்ஸ் டிரைவருக்குள் எட்டே எட்டு எண்கள் கொண்ட ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது: 0, 3, 2, 4, 1, 5, 6, 7. 312-ஐ அடி பிட்டுகளில் வைத்து, அரைக்குரிய 1-ஐ பதினான்காம் பிட்டில் வைத்தால் 16696. கேபிள் வழியே கடைசியில் போவது இந்த எண்தான். திரும்பி வரும் தரவிலும் ஒரு குணம் உண்டு. 64 பைட் பொட்டலம் ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு பைட் நிலைக்குறிப்பு ஒட்டிக்கொண்டு வரும். டிரைவர் அதை வெட்டிவிட்டு மீதி 62-ஐ மட்டும் மேலே தரும்.

டிரைவர் என்பதன் சாரமே இந்த மாதிரி அற்பங்களின் தொகுப்புதான். ஒரு சில்லின் வினோதங்களை ஒருவர் தெரிந்துகொண்டு எழுதி வைத்தால், மற்ற எல்லாருக்கும் அது வெறும் கோப்பாகத் தெரிகிறது: திற, படி, எழுது, மூடு. எங்கே நிறுத்திக்கொள்வது என்பதும் நல்ல டிரைவருக்குத் தெரிந்திருக்கும். தமிழ்99 விசைப்பலகையில் 'அ' எழுத்துக்குரிய விசையை அழுத்தும்போது கெர்னல் டிரைவர் மேலே சொல்வது 30 என்ற விசை எண் மட்டும். ஆங்கிலத்தில் தட்டுகிறவர் அதே விசையை அழுத்தினாலும் அதே 30. எழுத்தாக்குவது பயனர் நிலையில் ஓடும் வேறு நிரல்களின் வேலை. எழுத்தெல்லாம் டிரைவருக்குள் போயிருந்தால் புதிய விசைப்பலகை முறை ஒவ்வொன்றுக்கும் கெர்னலைக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

உள்ளே போய் எழுதுகிறவருக்கு வழக்கமான வசதிகள் பல கிடையாது. சி மொழியின் வழக்கமான நூலகம் இல்லை. 64 பிட் இன்டெல் கெர்னலில் ஒரு இழைக்கு அடுக்கு நினைவகம் 16 கிலோபைட்தான். 2014-க்கு முன் அதில் பாதி. தசமப்புள்ளிக் கணக்குப் போடக்கூடாது, ஏனென்றால் கெர்னலுக்குள் நுழையும்போது பயனர் நிரலின் தசமப் பதிவேடுகள் காப்பாற்றி வைக்கப்படுவதில்லை. தொட்டால் யாரோ ஒருவருடைய கணக்கு கெடும். அதனால்தான் லினக்ஸில் செயலியின் வெப்பநிலையைப் படித்தால் 48 டிகிரிக்குப் பதில் 48000 என்று வருகிறது. ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொன்னால் முழு எண்ணிலேயே முடிந்துவிடும்.

இவற்றைவிடப் படுத்துவது தூக்கம். கருவி குறுக்கிட்டுக் கூப்பிடும்போது ஓடும் குறியீடு எக்காரணம் கொண்டும் காத்திருக்கக் கூடாது. நினைவகம் கேட்கும்போதுகூட 'காத்திருக்கத் தயார்' என்று கேட்கிறோமா, 'இருந்தால் உடனே தா, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்' என்று கேட்கிறோமா என்பதைக் குறிப்பிட வேண்டும். தப்பான இடத்தில் முதல் வகையைக் கேட்டால் ஆயிரம் முறை சரியாக ஓடும், நினைவகம் நெருக்கடியான ஒரு நாளில் கணினி உறையும். பயனர் நிரல் தரும் முகவரியையும் நம்பக்கூடாது. அது கெர்னலின் சொந்த முகவரி ஒன்றைக் கொடுத்து 'இங்கே எழுது' என்று சொல்லலாம். டிரைவர் அப்பாவியாக எழுதினால் சாதாரணப் பயனர் ஒருவர் கணினிக்கே எஜமானர் ஆகிவிடுவார். அதனால் வாங்குவதும் கொடுப்பதும் முகவரியைச் சோதிக்கும் தனிச் செயற்கூறுகள் வழியாக மட்டும். பிறகு, பாதியில் தோற்பது. நினைவகம் கிடைத்தது, குறுக்கீட்டு எண் கிடைத்தது, பதிவு செய்யும்போது இல்லை என்றுவிட்டது என்றால், வாங்கியதை எல்லாம் வாங்கிய வரிசைக்கு நேர்மாறாகத் திருப்பித் தர வேண்டும். பாடப் புத்தகங்கள் திட்டும் 'கோ-டூ' கட்டளை லினக்ஸ் டிரைவர்களில் இன்றும் மரியாதையோடு வாழ்வது இதற்காகத்தான். 2007-ல் கெர்னலே கணக்கு வைத்துத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தபின் புதிய டிரைவர்களில் பல 'கோ-டூ'க்கள் காணாமல் போயின.

இத்தனை கண்ணிகள் இருந்தால் கால் இடறத்தானே செய்யும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001-ல் லினக்ஸ் மூலக் குறியீட்டைத் தானியங்கிச் சோதனையில் அலசியபோது, டிரைவர்களின் பிழை விகிதம் கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை இருந்தது. லினக்ஸ் மூலக் குறியீட்டில் பாதிக்கு மேல் டிரைவர்களே என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கெர்னலின் நினைவக மேலாண்மையை உலகம் முழுக்க ஒவ்வொரு கணினியும் நொடிதோறும் சோதிக்கிறது. ஒரு பழைய ஸ்கேனர் அட்டையின் டிரைவரைச் சோதிக்க அந்த அட்டை கையில் இருக்க வேண்டும்.

உள்ளே வந்த குறியீட்டின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இந்த எஃப்டிடிஐ கேபிளிடமே ஒரு கதை உண்டு. சந்தையில் அதன் சில்லுக்குப் போலிகள் ஏராளம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ-யின் புதிய டிரைவர், போலியைக் கண்டால் அதன் பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. சில்லு சாகவில்லை, ஆனால் எந்தக் கணினியும் அதை அடையாளம் காணாது. வாங்கியது போலி என்றே தெரியாதவர்களின் கருவிகள் எல்லாம் ஒரே நாளில் செத்ததுபோல் கிடந்தன. எதிர்ப்பு கிளம்பி அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ்காரர்கள் செய்தது வேறு. தங்கள் டிரைவரின் கருவிப் பட்டியலில் 0403, 0000 என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான், முடக்கப்பட்ட கேபிள் லினக்ஸில் வேலை செய்யத் தொடங்கியது.

பெரிய கதை 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் டிரைவராக ஏறி உட்கார்ந்திருப்பது. அந்த டிரைவர் முறையாகச் சோதிக்கப்பட்டு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றது. ஆனால் புதிய தாக்குதல் முறைகளை விவரிக்கும் தரவுக் கோப்புகள் அவ்வப்போது தனியாக வரும். டிரைவர் அவற்றைப் படித்து நடந்துகொள்ளும். இந்திய நேரம் காலை 9.39-க்கு வந்த கோப்பு 21-ஆம் உள்ளீடு ஒன்றைப் பார்க்கச் சொன்னது. டிரைவரிடம் இருந்தவை 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போனது. பயனர் நிரல் என்றால் அது மட்டும் செத்திருக்கும். இது கெர்னல், நீலத்திரை. மறுபடி கிளப்பினால் டிரைவர்தான் முதலில் ஏறும், அதே கோப்பைப் படிக்கும், அதே நீலத்திரை. 10.57-க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் கணினிகள் விழுந்திருந்தன. பலவற்றின் முன் ஒருவர் போய் உட்கார்ந்து எழுப்ப வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகவே வாசலில் கெடுபிடி. முதலாவது பொருத்தம். ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் அது எந்தக் கெர்னல் பதிப்புக்காக, எந்தத் தெரிவுகளோடு தொகுக்கப்பட்டது என்று ஒரு சரம் இருக்கிறது. பொருந்தாவிட்டால் கெர்னல் ஏற்காது. காரணம் உண்டு: ஒரு தரவுக் கட்டமைப்பின் நடுவில் புதிதாக நான்கு பைட் சேர்ந்தாலே, பழைய மாட்யூல் எல்லாவற்றையும் நான்கு பைட் தள்ளிப் படிக்கும். லினக்ஸ் தன் உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கெர்னலின் நீண்டகாலப் பராமரிப்பாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் இதற்காகவே ஓர் ஆவணம் எழுதிக் கெர்னலோடு வைத்திருக்கிறார். உங்கள் டிரைவரின் மூலத்தை எங்களிடம் கொடுங்கள், இடைமுகத்தை மாற்றுகிறவரே உங்கள் டிரைவரையும் திருத்திவிடுவார் என்பதுதான் அதன் சாரம். பழைய தவறுகளைக் காலத்துக்கும் சுமக்க வேண்டாம் என்ற வகையில் இது எனக்கு நியாயமாகவே படுகிறது. கொடுக்காதவர்கள் பாடு திண்டாட்டம். அவர்களை நம்பிக் கருவி வாங்கியவர்கள் பாடு அதைவிட. கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் வைஃபை காணாமல் போவது இப்படித்தான். ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மாட்யூலைத் தானாகத் திரும்பத் தொகுக்கும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டை டெல் பொறியாளர்கள் உருவாக்கியதும் இதனால். ஆண்ட்ராய்டில் கூகுள் வேறு வழியில் போயிற்று. ஆண்ட்ராய்டு 12-லிருந்து, 5.10 கெர்னலோடு வெளிவரும் கைபேசிகளில் மையக் கெர்னல் கூகுள் கட்டியது. கேமரா, மோடம் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளர் தருவது மாட்யூல்கள். அவை பழுதாகாமலிருக்க, அந்தக் கிளைக்கு மட்டும் இடைமுகத்தைக் கூகுள் உறையவைத்துக்கொள்கிறது. மூல லினக்ஸ் மறுத்த வாக்கை, தன் எல்லைக்குள் கூகுள் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, உரிமம். மாட்யூல் தன் உரிமத்தைத் தானே அறிவிக்க வேண்டும். கெர்னலின் சில செயற்கூறுகள் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமமுள்ள மாட்யூல்களுக்கு மட்டுமே தெரியும். மூலம் மூடிய மாட்யூல் ஏறினால் கெர்னல் தன்மேல் 'கறை' என்று குறித்துக்கொள்ளும். அதன்பின் வரும் பிழை அறிக்கையை உருவாக்குநர்கள் பெரும்பாலும் பார்க்கவே மாட்டார்கள். என்ன இருக்கிறதென்று தெரியாத குறியீடு உள்ளே இருக்கும்போது எதை என்று தேடுவது? 2004-ல் மோடம் டிரைவர் விற்ற நிறுவனம் ஒன்று இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. சி மொழியில் சரம் என்பது பூஜ்ய பைட் வரும் இடத்தில் முடிந்துவிடும். அவர்கள் உரிமச் சரத்தில் 'ஜிபிஎல்' என்று எழுதி, ஒரு பூஜ்ய பைட் வைத்து, அதன் பின்னால் இது இந்த அடைவிலுள்ள கோப்புகளுக்கு மட்டும் என்று தொடர்ந்திருந்தார்கள். மனிதர் படித்தால் முழு வாக்கியம். கெர்னல் படித்தால் ஜிபிஎல். கண்டுபிடித்தபோது சண்டை பலமாக இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாத கெர்னல் வரலாறுகளில் இது ஒன்று.

மூன்றாவது கையொப்பம். 2012 இறுதியில் வந்த 3.7 பதிப்பிலிருந்து மாட்யூல்களின் டிஜிட்டல் கையொப்பத்தைக் கெர்னலே சரிபார்க்க முடியும். இது கருவிகளுக்காக வந்ததல்ல, திருடர்களுக்காக. ஒருமுறை நிர்வாகி அதிகாரம் கைக்கு வந்துவிட்டால், தீய மாட்யூல் ஒன்றை ஏற்றுவது ஒரு கட்டளை வேலை. ஏறியதும் அது மாட்யூல் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும், தன் கோப்புகளைக் காட்டாதே என்று கோப்பு முறையைத் திருத்திவிடும். தேடுகிறவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வது அந்தத் திருத்தப்பட்ட கெர்னலே என்பதால், உள்ளிருந்து அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இறக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்றுவதைவிட அது சிரமம். டிரைவர் ஒரு டைமரை அமைத்துவிட்டு, போகும்போது அதை ரத்து செய்ய மறந்தால், மூன்று நொடி கழித்துக் கெர்னல் அந்த முகவரிக்குப் போகும். அங்கே மாட்யூல் இருக்காது, வேறெதுவோ இருக்கும். இதனால் யார் யார் இந்த மாட்யூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கெர்னல் எண்ணி வைக்கிறது. ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்மாட்' கட்டளையின் மூன்றாவது நெடுவரிசையில் அந்த எண்ணைப் பார்க்கலாம். பூஜ்யம் ஆகாதவரை ஆர்எம்மாட் மறுக்கும். வற்புறுத்தி இறக்கும் தெரிவும் உண்டு. பயன்படுத்தினால் அதற்கும் ஒரு கறை. இறக்கும் வசதியே இல்லாமல் கெர்னலைக் கட்டவும் முடியும்.

உள்ளே போகாமலே டிரைவர் எழுத முடியாதா என்று கேட்டால், பல கருவிகளுக்கு முடியும். லினக்ஸில் ஸ்கேனர் டிரைவர்கள் பெரும்பாலும் பயனர் நிலையில்தான் ஓடுகின்றன, பிரின்டர் டிரைவர்களும். லிப்யூஎஸ்பி என்ற நூலகத்தின் வழியே எந்த நிரலும் ஒரு யூஎஸ்பி கருவியோடு நேராகப் பேசலாம். கல்லூரி ஆய்வகத்துக்காக ஓர் அளவீட்டுக் கருவி செய்து, அதற்குக் கெர்னல் மாட்யூல் எழுதப்போகிறேன் என்று வரும் மாணவரிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்: நொடிக்குப் பத்து அளவீடு வாங்க கெர்னலுக்குள் உனக்கு என்ன வேலை? வட்டு, பிணைய அட்டை, திரை போன்றவை வேறு. அவற்றின் வேகத்துக்கு எல்லை தாண்டித் தாண்டிப் போய்வருவது கட்டாது. அந்த டிரைவர்களை எழுத 2022 டிசம்பரில் வந்த 6.1-லிருந்து ரஸ்ட் மொழிக்கும் லினக்ஸ் இடம் தந்திருக்கிறது. இருபதைத் தாண்டி இருபத்தொன்றைப் படிக்கும் வகைத் தவறை ரஸ்ட் அந்த இடத்திலேயே பிடிக்கும். பிடித்த பிறகு கெர்னலுக்குள் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி: டிரைவர் அந்தத் தோல்வியைச் சமாளிக்க எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரஸ்டும் கணினியை நிறுத்தத்தான் செய்யும். ஸ்கேனர் டிரைவரில் அதே தவறு நடந்தால் ஸ்கேன் செய்யும் நிரல் மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால் போதும்.